கோழியைத் தின்றது யாரென்று தெரிந்தவர்

உங்கள் வீட்டுக் கொல்லையில் காலையில் ஒரு கோழி செத்துக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. யாருக்கும் ஆள் அனுப்பவில்லை. ஆனாலும் திரும்பிப் பார்த்தால் வேலியோரம் ஒருவர் நிற்பார். கை இரண்டும் பின்னால் கட்டியிருக்கும், கண் பாதி மூடியிருக்கும். "ம்ம்ம்..." என்பார். அந்த 'ம்ம்ம்' இருக்கிறதே, அதற்குள்ளேயே தீர்ப்பு எழுதி முடிந்துவிட்டது. நீங்கள் கேட்க வேண்டியதுதான் பாக்கி. கேட்காவிட்டாலும் பாதகமில்லை, சொல்லிவிடுவார்.

இந்த இனத்துக்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. 'கண்டதும் சொல்பவர்' என்று நாம் வைத்துக்கொள்வோம். மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டத்துக்கு ஒருவர், கம்பம் என்று சொல்கிற கிராமத்துக்கு ஒருவர் என்று கட்டாயம் இருப்பார். செத்த கோழியைக் குச்சியால் புரட்டுவார், ஓர் இறகை எடுத்து முகர்ந்து பார்ப்பார் (கோழி வாசனைதான் வரும், இருந்தாலும் முகர்வார்), கூண்டை ஒரு சுற்றுச் சுற்றுவார், மரத்தின் உச்சியைப் பார்ப்பார், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "ராத்திரி சத்தம் ஏதும் கேட்டுச்சா?" கேட்டது என்றால், "அதானே, மூசாங்!" கேட்கவில்லை என்றால், "அதானே! மூசாங் சத்தமில்லாமத்தான் வரும்." ஊரில் எல்லாரும் மூசாங் என்று சொல்லும் அந்த மரநாய், பாவம், எந்தப் பதிலிலும் தப்ப முடியாது. அவர் ஒரு நாளாவது, ஒரு கோழிக்காவது, "எனக்குத் தெரியலையே" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். அந்த வார்த்தை அவருக்குத் தொண்டையைத் தாண்டி வராது.

இப்படிப்பட்டவர்களில் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் மற்றவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பெயர் வீரசிங்கம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். புக்கிட் பெலிம்பிங்கை ஒட்டிய தோட்டத்தில், தலைமயிர் கறுப்பாக இருந்த நாளிலிருந்து பஞ்சாக வெளுக்கும்வரை டிரெஸ்ஸராக இருந்தவர். டிரெஸ்ஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நோய் பார்த்து மருந்து கொடுப்பவர். டாக்டர் எப்போதாவது காரில் வருவார், காப்பி குடிப்பார், போய்விடுவார். லயம் என்ற வரிசை வீடுகளில் குடியிருந்த ஜனங்களின் உடம்பெல்லாம் டிரெஸ்ஸர் பொறுப்பு. அந்தக் காலத்தில் வீரசிங்கத்திடம் மூன்று நோய்கள்தாம் இருந்தன: காய்ச்சல், வயிறு, சோம்பேறித்தனம். வரிசையில் நிற்பவன் வாயைத் திறக்குமுன் மூன்றில் எதுவென்று சொல்லிவிடுவார். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதி தானாகக் குணமாகும். இப்படியே அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயரும் வந்துவிட்டது.

ஓய்வு பெற்றதும் லயத்துக்கு எதிரே, பெரிய வாய்க்காலின் இந்தப் பக்கத்தில் ஒரு சிறிய வீடு கட்டிக் குடிவந்தார். ஆஸ்பத்திரிக்கு ஓர் இளைஞர் புதிதாக வந்துவிட்டார். வீரசிங்கத்தின் வாசலில் விடிந்தால் யாரும் இல்லை. அவர் மட்டும் வழக்கம்போலக் குளித்து, வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான்வரை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்?" என்று மனைவி வாகீஸ்வரி ஒருநாள் கேட்டாள். "பேப்பர்காரனை" என்றார். பேப்பர் அவர் மடியிலேயே கிடந்தது.

இந்த வெறுமையில்தான் செத்த கோழிகள் அவர் வாழ்க்கைக்குள் நுழைந்தன. முதலில் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று. அவர் வேலி மேல் சாய்ந்து ஏதோ சொல்லப்போக, அவர்களும் தலையாட்ட, மறு வாரம் இன்னொரு வீட்டில் கூப்பிட்டார்கள். மனிதர்களுக்கு மூன்று நோய் வைத்திருந்தவர் கோழிகளுக்கும் மூன்று வைத்துக்கொண்டார்: நாய், மூசாங், கள்ளன். கோழி நோயாளியிடம் ஒரு வசதி உண்டு. மருந்து பலிக்கவில்லை என்று திரும்பி வராது.

புரோட்டான் சாகா கார் புதிதாக வந்து, அதைப் பார்க்கவே ஜனங்கள் ரோட்டோரம் நின்ற வருஷம் அது. ஒரு காலையில் கேட்டுக்கு வெளியே காளியம்மாவின் குரல் கேட்டது.

"டிரெஸ்ஸரய்யா! டிரெஸ்ஸரய்யா! கொஞ்சம் வந்து பாருங்கய்யா!"

ஊரில் சின்னவர்கள் அவரை 'அங்கிள்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்த காலத்தில், 'டிரெஸ்ஸரய்யா' என்ற அந்தச் சத்தம் அவர் காதில் கோயில் மணிபோல விழுந்தது. கோழிக்கூண்டுக்குப் போகிறவர் சப்பாத்து மாட்டினார். சாக்ஸும் மாட்டினார். தொண்டை பார்க்கிற பழைய டார்ச்சை எடுத்துக்கொண்டார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

காளியம்மாவை அவருக்கு நன்றாகத் தெரியும். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோப்பில் உதிர்ந்த பழம் பொறுக்கி, புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகள் புஷ்பவள்ளியை வளர்த்து ஆளாக்கியவள். புஷ்பவள்ளி பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்ததே வீரசிங்கம்தான். இப்போது பெண்ணுக்கு சுங்கை ஆயர் தாவாரில் மாப்பிள்ளை பார்த்து, தேதியும் குறித்தாகிவிட்டது. மறுவீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கம்பத்துக் கோழிக் கறி போட வேண்டும் என்று காளியம்மா மாதக்கணக்கில் கண்ணுக்குள் வைத்து வளர்த்த கோழிகள் அவை. அதில்தான் சில நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக இரண்டு பெட்டைகளைக் காணோம். இன்றைக்குச் சேவல் செத்துக் கிடந்தது.

சேவல் கூண்டுக்குள்ளேயே, வைக்கோல்மேல் கால் விறைத்துக் கிடந்தது. காளியம்மா அதை வெளியே எடுத்துப் போட்டாள். காயம் ஒன்றும் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தலையும் கழுத்தும் தோள்வரை நனைந்து, இறகுகள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. வீரசிங்கம் குந்தினார். அலகைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பழக்கதோஷம், "ஆ சொல்லு" என்று சேவலிடம் சொல்லிவிடுவார்போல இருந்தது. கூண்டைச் சுற்றி வந்தார். சேற்றில் நாய்க்கால் தடம் ஒன்று தெரிந்தது. அந்தக் கொல்லையில் நாய்க்கால் தடம் இல்லாத இடமே கிடையாது, அது வேறு விஷயம்.

"ம்ம்ம்..." என்றார்.

"என்னங்கய்யா?"

"கழுத்தில ஈரம். தெரியுதோ? எச்சில். நாயின்ர எச்சில். கவ்வி உலுப்பியிருக்கு. நாய்தான் பிள்ளை, வேற கதையே இல்லை."

காளியம்மா முகம் மாறிவிட்டது. "இந்தப் பக்கத்துல நாயின்னா... உடையப்பண்ணன் ஜிம்மி மட்டுந்தாங்கய்யா இருக்கு."

வீரசிங்கம் சற்றே தடுமாறினார். நாய் என்று சொன்னபோது அவர் மனத்தில் இருந்தது பொதுவாக ஒரு நாய். அதற்கு ஒரு பெயரும், சொந்தக்காரரும், பக்கத்து வீடும் இருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. ஆனால் வாசலில் லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை நாளாயிற்று இப்படி யாரும் பார்த்து!

"நான் ஆரின்ர பேரையும் சொல்லேல்லை. நோயைத்தான் சொன்னன்" என்று எழுந்து, கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தார். நடையில் பழைய மிடுக்கு வந்திருந்தது.

நோய் மாலைக்குள் பரவிவிட்டது.

உடையப்பன் தோட்டத்து லோரி ஓட்டுபவர். காளியம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. லயத்தில் பக்கத்துக் கதவுக்காரர் என்ற உறவிலேயே அண்ணன் ஆனவர். புஷ்பவள்ளி கல்யாணத்தில் தாய்மாமன் சீர் செய்வதும் அவர்தான், தோட்டத்து ஜனங்களை லோரியில் ஏற்றி சுங்கை ஆயர் தாவாருக்குக் கொண்டுபோவதும் அவர்தான் என்று ஏற்பாடு. அவருடைய ஜிம்மி, ஒரு காது மடங்கிய கறுப்பு வெள்ளை நாய். அதன் தட்டில் கோழிக்குஞ்சு வாய் வைத்தால் தள்ளிப் போய் உட்கார்ந்து, அது தின்று முடிக்கும்வரை காத்திருக்கும்.

"ஜிம்மியா? என்னா தங்கச்சி பேசுற? அது பூனையக் கண்டா என் காலுக்குள்ள வந்து ஒளியும்லா!"

"படிச்சவரு, பாத்துட்டு சொல்றாரு அண்ணே. எச்சி கெடக்குதாம், கால் தடம் கெடக்குதாம். நான் என்னா செய்ய?"

"அப்ப இத்தன வருஷம் பாத்த உன் கண்ணு பொய், அரை மணி நேரம் பாத்த அவரு கண்ணு நெசம்?"

"நெசமோ பொய்யோ, கோழி போனது எனக்குத்தானே! கட்டிப் போட்டா என்னா கொறஞ்சா போவும்?"

உடையப்பன் ஜிம்மியைக் கூப்பிட்டுக் கழுத்தைத் தடவினார். பிறகு, "சரி. கட்டிப் போடுறேன். அப்படியே கல்யாணத்துக்கு வேற லோரி பாத்துக்க. சீருக்கு வேற மாமன் பாத்துக்க" என்றார்.

அன்றைக்கே ஜிம்மிக்குச் சங்கிலி விழுந்தது. ஜன்மத்தில் சங்கிலி கண்டிராத நாய் அது. வாசல் தூணைச் சுற்றிச் சுற்றி வந்து, இழுத்து, ஊளையிட்டது. அந்த ஊளை வாய்க்காலைத் தாண்டி வீரசிங்கத்தின் வீடுவரை கேட்டது.

சில நாள் கழித்து இன்னொரு பெட்டையும் காணாமல் போயிற்று. ஜிம்மி சங்கிலியில்தான் கிடந்தது, ஊரே சாட்சி. இந்த இடத்தில் நீங்களோ நானோ என்றால் கொஞ்சம் தலையைச் சொறிந்திருப்போம். கண்டதும் சொல்பவர் சொறிய மாட்டார். காளியம்மா கேட்டை ஆட்டிக்கொண்டு நின்றபோது வீரசிங்கம் ஒரு கணம்கூடத் தயங்காமல், "அப்ப வேற நாய்" என்றார்.

"வேற நாய் ஏதுங்கய்யா இங்க?"

"ருசி கண்டது ஒண்டு வந்தால், வாசம் பிடிச்சு இன்னொண்டு வரும். அது அப்பிடித்தான்."

அதாவது, கட்டிக் கிடக்கும் ஜிம்மி இப்போது வெளிநாய்களுக்கு வழிகாட்டியும் ஆகிவிட்டது.

காளியம்மா போன பிறகு சமையலறையிலிருந்து வாகீஸ்வரியின் குரல் வந்தது. "பாம்பாயும் இருக்கலாமே. முழுசா விழுங்கினால் ஒண்டும் மிஞ்சாதுதானே."

"எந்தப் பாம்பு கோழியை முழுசா விழுங்கும்?"

"மலைப்பாம்பு."

வீரசிங்கம் சிரித்தார். கூடத்திலிருந்து ஜன்னல் வழியாகக் கண்ணுக்கெட்டியவரை தட்டையாகக் கிடந்த செம்பனைத் தோப்பைக் காட்டி, "மலை எங்கை கிடக்கு?" என்று கேட்டார். வாகீஸ்வரி எண்ணெயில் கடுகைப் போட்டாள். அது அவள் சார்பில் வெடித்தது.

இத்தனைக்கும் அவர் கல்நெஞ்சர் இல்லை. இந்த இனத்தைப் பற்றிப் பலரும் தப்பாக நினைப்பது அதைத்தான். புஷ்பவள்ளி ஒரு மாலை, ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு, நீலச் சட்டை மாற்றாமல் அவர் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"ஐயா, கல்யாணப் பத்திரிக்கையில தாய்மாமன்னு உடையப்பன் மாமா பேரு போட்டாச்சு. அவரு வர மாட்டேங்குறாரு. அம்மா போய்க் கூப்பிட மாட்டேங்குது. ரெண்டு பேரும் தண்ணிக் கொழாயடியில மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு அழுகையா வருது."

"அதுக்கு நான் என்ன செய்யிறது பிள்ளை?"

"நாய் இல்லன்னு சொல்லிடுங்கய்யா. நீங்க சொன்னா அம்மா நம்பும். நீங்க சொல்லித்தானே மொதல்ல நம்புச்சு."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் கெஞ்சினாள். அவள் போன பிறகு நெடுநேரம் நாற்காலியில் அசையாமல் இருந்தார். வாய்க்காலுக்கு அப்பால் ஜிம்மி ஊளையிட்டது. அந்தச் சேவலின் கழுத்தில் பல் பட்ட அடையாளம் எங்கேயாவது இருந்ததா? இல்லை. அன்றைக்கே இல்லை. அவர் பார்த்தார், அவருக்குத் தெரியும். நாய் கவ்வினால் பல் படாதா? ஆனால் சொல்லியாகிவிட்டதே! ஆயுள் முழுக்கக் கொடுத்த மருந்துச் சீட்டு ஒன்றையாவது அவர் திரும்ப வாங்கிக் கிழித்திருக்கிறாரா? எப்படிக் கிழிப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. 'நாய் இல்லை' என்று சொல்வதுதானே கஷ்டம்? 'மூசாங்' என்று சொல்லலாமே! மூசாங்கை உள்ளே கொண்டுவந்தால் நாய் தானாக வெளியே போய்விடும். சொன்னது தப்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஜிம்மிக்கு விடுதலை, பெண்ணுக்கு மாமன், டிரெஸ்ஸருக்கு மரியாதை. சாக்ஸைத் துவைத்துக் காயப் போட்டுவிட்டு அடுத்த கோழிக்காகக் காத்திருந்தார்.

காத்திருப்பு வீண்போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் காளியம்மா கூண்டைத் திறந்துவிட்டபோது இன்னும் இரண்டு குறைந்தன. வீரசிங்கம் போய்ச் சேருமுன் கொல்லையில் திருவிழாக் கூட்டம். வேலை இல்லாத நாள், லயமே வந்துவிட்டது. ஆளுக்கொரு கட்சி. கள்ளன் என்றார் ஒருவர். கழுகு என்றார் இன்னொருவர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றாள் ஒரு கிழவி. வேலிக்கு அந்தப் பக்கம் உடையப்பன், பார்க்காதவர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீரசிங்கம் கூண்டைச் சுற்றினார். பலகையும் துத்தநாகத் தகரமும் வைத்து அடித்த கூண்டு. பின்பக்க மூலையில் பலகை உளுத்து ஓர் ஓட்டை. அவர் முகம் மலர்ந்தது. வேலிக்கு அப்பாலும் கேட்கும்படி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இஞ்ச பாருங்கோ, இதுதான் வழி. இது மூசாங். நாயின்ர வேலையெண்டு ஆராவது சொல்லியிருந்தால், அது பிழை."

"யாருய்யா அப்படிச் சொன்னது?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேள்வி வந்தது.

"ஆரோ சொல்லியிருக்கினம்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. உடையப்பன் வேலியைத் தாண்டி வந்தார். குனிந்து ஓட்டையைப் பார்த்தார். "இது என் கையகலங்கூட இல்ல. இதுல எப்படிய்யா மூசாங் நொழையும்? எங்க, காட்டுங்க."

உடையப்பனுக்கு உதவி செய்யத்தானே வந்தார்? உதவியை வாங்கிக்கொள்ளத் தெரியாத மனிதராக இருக்கிறாரே! வீரசிங்கத்துக்குச் சுருக்கென்றது. "வெளியாலை பாத்தால் சின்னனாத்தான் தெரியும். உள்ளுக்குப் பாத்தால்தான் விளங்கும்" என்றார். சொன்ன பிறகு உள்ளே போகாமல் இருக்க முடியுமா? சப்பாத்தைக் கழற்றி வைத்தார். கூண்டின் சின்னக் கதவு வழியாக, முதலில் டார்ச், பிறகு தலை, பிறகு வெள்ளைச் சட்டை என்று இடுப்புவரை உள்ளே போனார். கூட்டம் அவருடைய சாக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றது.

உள்ளே இருட்டு. கோழிகள் முட்டையிடுவதற்காக, உடையப்பன் எப்போதோ கொடுத்த லோரி டயர் ஒன்று மூலையில் வைக்கோலோடு கிடந்தது. இடக்கையை டயர்மேல் ஊன்றிக்கொண்டு வலக்கையால் ஓட்டையின்மேல் டார்ச் அடித்தார். உள்ளிருந்து பார்த்தால் ஓட்டை இன்னும் சின்னதாக இருந்தது.

"தெரியுது, தெரியுது. விளிம்பிலை நகக்கீறல் கிடக்கு..." என்று குரல் கொடுத்தார். கீறல் ஒன்றும் இல்லை.

அப்போது டயர் மூச்சு விட்டது.

எத்தனையோ வயிறுகளை அழுத்திப் பார்த்த கை அது. கைக்கு உடனே தெரிந்துவிட்டது. தலைக்குத் தெரியத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. டயர் என்றால் சொரசொரப்பாக அல்லவா இருக்க வேண்டும்? இது வழுவழுவென்று, சில்லென்று, உள்ளே எதையோ அடைத்து வைத்ததுபோலப் புடைத்து... டார்ச்சை மெதுவாகத் திருப்பினார். டயருக்குள் சுருண்டு, டயரும் போதாமல் வெளியே வழிந்து, வலை பின்னியதுபோலக் கட்டம் கட்டமான தோலோடு, சாப்பாட்டுக்குப் பிறகு இளைப்பாறிக்கொண்டிருந்தது மலைப்பாம்பு. அது அவரை ஏறிட்டுப் பார்த்தது. அதன் முகத்தில் அவசரம் எதுவும் இல்லை.

"உடையப்பன்" என்றது கூண்டு, மிகவும் சன்னமான குரலில்.

"என்னாய்யா?"

"என்ர காலைப் பிடியும்."

உடையப்பனுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "என்னாது? நான் எதுக்குய்யா உங்க காலப் பிடிக்கணும்? என் நாய்க்குப் பழி போட்டது நீங்க! நீங்கதான்யா..."

"ஐயோ, காலைப் பிடிச்சு இழுமெண்டு சொல்லுறன்! பாம்பு!"

உடையப்பன் இழுத்த இழுப்பில் வெள்ளைச் சட்டையின் பொத்தான்கள் கூண்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. வீரசிங்கம் வைக்கோலும் கோழி எச்சமுமாகச் சேற்றில் வந்து விழுந்தார். கூட்டம் வாய்க்கால்வரை ஓடிப்போய் நின்று திரும்பிப் பார்த்தது. உடையப்பன் மட்டும் ஓடவில்லை. டார்ச்சை வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மிகவும் பணிவாக, "ஐயா, இதுவும் எங்க ஜிம்மிதானுங்களா?" என்று கேட்டார்.

முதலில் சிரித்தது காளியம்மா. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரித்ததைப் பார்த்து உடையப்பனும் சிரித்துவிட்டார். குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற இரண்டு பேரும் கோழிக்கூண்டுக்கு முன்னால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சேற்றில் உட்கார்ந்திருந்த மனிதரை யாரும் தூக்கிவிடவில்லை. புஷ்பவள்ளிதான் வந்து கை கொடுத்தாள்.

நடந்தது பிறகு எல்லாருக்கும் விளங்கியது. ஒல்லியாக ஓட்டை வழியே நுழைந்து, ஒன்றை விழுங்கி, வாய்க்காலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பாம்பு, இந்த முறை ஆசைப்பட்டு இரண்டை விழுங்கி, வந்த வழியே போக முடியாமல் மாட்டிக்கொண்டது. அன்றைக்குச் செத்துக் கிடந்த சேவலை நெரித்துத் தலைப்பக்கமாக விழுங்கிப் பார்த்து, பெரிதாக இருக்கவே துப்பிவிட்டது. எச்சில் என்று டிரெஸ்ஸர் சொன்னது சரிதான். எவருடைய எச்சில் என்பதில்தான் சிறு பிழை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆண்கள் சேர்ந்து பாம்பைச் சாக்கில் போட்டு, உடையப்பன் அதை லோரியில் கொண்டுபோய் ஆற்றோரத்துச் சதுப்புக் காட்டில் விட்டு வருவதற்குள், கள்ளன் என்றவரும் கழுகு என்றவரும் "நான் அப்பவே பாம்புன்னுதான் நெனச்சேன்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். செய்வினைக் கிழவி மட்டும் கட்சி மாறவில்லை. பாம்பை அனுப்பியதே செய்வினைதான் என்றாள்.

வீரசிங்கம் சில நாள் வெளியே தலைகாட்டவில்லை. காலையில் குளித்தார், ஆனால் வெள்ளைச் சட்டை போடவில்லை. வாகீஸ்வரி மலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொத்தான் தைத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். கேட்டிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

பிறகு ஒரு மத்தியானம் பழைய மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டினார். உடையப்பன் வாசலில் லோரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாயைக் கொஞ்சம் பிடியும்."

"என்னாய்யா, அடுத்த கேஸா?"

வீரசிங்கம் பெட்டியைத் திறந்துகொண்டு குந்தினார். சங்கிலி அறுத்த இடத்தில் ஜிம்மியின் கழுத்துத் தோல் வழன்று புண்ணாகியிருந்தது. சுத்தமாகத் துடைத்து, ஊதா மருந்தை மெல்லத் தடவினார். இந்தக் காயத்தைப் பற்றி அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எதனால் வந்தது என்று அவருக்குத் தெரியும். ஜிம்மி அவர் கையை நக்கியது. அந்த எச்சிலைப் பார்த்துக்கொண்டே அவர், "நான் பிழையாச் சொல்லிப்போட்டன், உடையப்பன்" என்றார். அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தபோது, பல் பிடுங்குவதுபோல இருந்தது.

"விடுங்கய்யா. நீங்க சொன்னதுக்கு எனக்குக் கோவமில்ல. தங்கச்சி நம்புச்சே, அதுக்குத்தான்."

அந்தத் தங்கச்சி அடுத்த வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் கருவாடும் போட்டுக் கொண்டுவந்து ஜிம்மியின் முன்னால் வைத்தாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. லோரி நிறைய ஜனம். உடையப்பன் புது வேட்டியில் மாமன் சீர் செய்தார். மறுவீட்டுக் கறியில் பாம்பு கொண்டுபோன கோழிகளுக்கு ஈடாக உருளைக்கிழங்கு நின்றது, யாரும் முகம் சுளிக்கவில்லை. கழுத்தில் ஊதாப் பட்டையோடு ஜிம்மி பந்திக்குப் பந்தி சுற்றியது. இத்தோடு டிரெஸ்ஸர் வீரசிங்கம் திருந்தினார் என்று முடித்தால் எவ்வளவு அழகாக இருக்கும்!

அந்த மறுவீட்டு விருந்திலேயே, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த காளியம்மாவின் சம்பந்தி நாராயணசாமி பெருமூச்சு விட்டு, "எங்க வீட்லயும் இதே கததாங்க. போன வாரம் வெள்ளவாத்து ஒண்ணு போச்சு. வேலிக் கதவு சாத்துனபடி இருக்கு, ரத்தம் இல்ல. வாய்க்கா ஓரம் கொஞ்சம் எறகு கெடந்துச்சு" என்றார்.

பக்கத்தில் இருந்த வாகீஸ்வரி கணவரின் தொடையைக் கிள்ளினாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். வெற்றிலையை மென்றார். கூரையைப் பார்த்தார். உண்மையிலேயே பாடுபட்டார்.

"ம்ம்ம்..." என்றார். "மலைப்பாம்பு."

"பாக்காமலேவா சொல்றீங்க?"

"பாக்கத் தேவையில்லை."

அன்றுமுதல் அந்த வட்டாரத்தில் கோழி, வாத்து, பூனைக்குட்டி, காயப்போட்ட சட்டை என்று எது காணாமற்போனாலும் மலைப்பாம்பே காரணம் ஆயிற்று. நாயும் மூசாங்கும் கள்ளனும் நிம்மதியாக இருந்தார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பாவம் அந்த மனிதர், சம்பந்தியின் வாத்து விஷயத்தில் மறுபடியும் தப்புப் பண்ணிவிட்டார், இல்லையா? மலைப்பாம்பு முழுதாக அல்லவா விழுங்கும், வாய்க்கால் ஓரம் இறகு எப்படி வரும்? அது உடும்பாகத்தான் இருக்க வேண்டும். ஒருவேளை நீர்நாயாகவும் இருக்கலாம், சுங்கை ஆயர் தாவார் பக்கம் தண்ணீர் அதிகம். இல்லை, வேலிக் கதவு சாத்தியபடி இருந்தது என்றால் கள்ளனேதான்... உங்களுக்கு அப்போதே தெரியும். நாராயணசாமி சொல்லி முடிக்குமுன்பே தெரிந்துவிட்டது.

அந்த வாத்தை நீங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.